ரஷ்யனையும் ஸ்பானிஷையும் தமிழ் வழியாகப் படிப்பது எப்படி

2020 ஒக்டோபர் முதல் கிழமை. கொரோனா காலம் என்பதால் முதலாம் ஆண்டு ரஷ்ய வகுப்பு சூமில் நடந்தது. நான் ஈஸ்ட் ஹாம் வீட்டில் குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ரஷ்யனில் எல்லாரையும் தடுமாற வைக்கும் ஓர் உயிரொலியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு 'ஊ' சொல்லுங்கள்" என்றார் ஆசிரியை. திரையில் பதினான்கு பேரும் முயன்றோம். ஒருவருக்கும் வரவில்லை. அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உது எங்கட 'காசு'வில கடைசியா வாற சத்தமெல்லோ? காசு, பாட்டு, வீடு... சொல்லிப் பார்."

சொன்னேன். வந்துவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்த அதே உதடு குவியாத உகரம். நாக்கைச் சற்று முன்னுக்குத் தள்ளினால் ரஷ்ய ஒலிக்கு மிகவும் கிட்ட வந்துவிடும்.

அன்றிலிருந்து நான்கு வருடமும் நான் படித்த முறை இதுதான். இந்த இரண்டு மொழிகளையும் ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படிக்காதீர்கள். வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளை என்றால், தமிழில் இருந்து நேரே போங்கள். தூரம் பாதியாகக் குறையும். நான் எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவள். பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்து, யுனியில் ரஷ்யனை எழுத்திலிருந்து தொடங்கி, 2024இல் இரண்டிலும் பட்டம் முடித்தேன். இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி. அங்கே வருகிற தம்பி தங்கச்சிமாரும் அவர்களின் அம்மாமாரும் கேட்கிற கேள்விகளுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பிக்க முன்

பிரித்தானியாவில் இது நான்கு வருடப் படிப்பு. மூன்றாம் வருடம் முழுவதும் வெளிநாட்டில். இரண்டு மொழி படிப்பவர்கள் அந்த வருடத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பது வழக்கம். ஏ லெவலில் ஸ்பானிஷ் இருந்தால் போதும். ரஷ்யன் ஒரு எழுத்தும் தெரியாமல் போகலாம். பள்ளிகளில் ரஷ்யன் படிப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் தொடக்கநிலை வகுப்பு பல இடங்களில் உண்டு.

ஆனால் எந்த இடத்துக்குப் போட முன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். தொடக்கநிலை ரஷ்யனுக்குக் கிழமையில் எத்தனை மணிநேரம்? தினமும் வகுப்பு இருக்கிற இடம்தான் நல்லது. எனக்கு ஐந்து நாளும் காலையில் இருந்தது. வெளிநாட்டு வருடத்துக்கு ரஷ்யன் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள்? 2022க்குப் பிறகு ரஷ்யாவுக்கு அனுப்புவதில்லை. கிர்கிஸ்தான், கஸக்ஸ்தான், ஆர்மீனியா, எஸ்தோனியா என்று போகிறார்கள். மூன்றாவது, இரண்டு வருடம் கழித்தும் அந்தத் துறை இருக்குமா? மொழித் துறைகளைச் சுருக்கிக்கொண்டு வருகிற காலம் இது. பல்கலைக்கழகத்தைப் போய்ப் பார்க்க விடுகிற திறந்த நாளில் நேரே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒன்று: முழு வருடமும் வெளிநாட்டில் இருந்தால், அந்த வருடத்துக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் உச்சக் கட்டணத்தில் 15 சதவீதம் வரைதான் வாங்கலாம். "நாலு வருஷக் காசு கட்டவேணுமே" என்று பயப்படுகிற வீடுகளில் இதை முதலில் சொல்லுங்கள்.

என் பள்ளியில் விண்ணப்பக் கடிதத்தைப் பார்த்த ஆலோசகர், "வீட்டில் தமிழ் பேசுவது இதற்குத் தேவையில்லை, அந்தப் பந்தியை எடுத்துவிடு" என்றார். எடுத்தேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். வேற்றுமை உருபு உள்ள ஒரு மொழியை மூன்று வயதிலிருந்து பேசி வருகிறேன் என்பதைவிட ரஷ்யனுக்குப் பெரிய தகுதி என்னிடம் வேறு இருக்கவில்லை. நீங்கள் எடுத்துவிடாதீர்கள்.

மூன்று நிரல் கொப்பி

ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, நடுவில் தமிழ், இடப்பக்கம் ரஷ்யன், வலப்பக்கம் ஸ்பானிஷ். தனிச் சொல் எழுத வேண்டாம், வசனமாக எழுதுங்கள். என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்தவை:

எனக்குப் பிடிக்கும். ரஷ்யனில் 'ம்னே ந்ராவித்ஸா', ஸ்பானிஷில் 'மே குஸ்தா'. மூன்றிலும் 'எனக்கு'தான், ரஷ்யனிலும் ஸ்பானிஷிலும் பிடிக்கிற பொருள்தான் எழுவாய். என்னோடு படித்த ஆங்கிலப் பிள்ளைகள் "நான் பிடிக்கிறேன்" என்ற கட்டிலிருந்து வெளியே வர ஒரு தவணை பிடித்தது. எனக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை.

எனக்குக் குளிருது. 'ம்னே ஹோலத்ன'. எனக்கு வயது இருபது. 'ம்னே த்வாத்ஸத் ல்யெத்'. இங்கே ஸ்பானிஷ் விலகிப் போகிறது: அங்கே குளிரையும் வயதையும் 'வைத்திருக்க' வேண்டும். ஆனால் என்னிடம் புத்தகம் இருக்கிறது என்பதில் ரஷ்யன் மறுபடி தமிழோடு வந்து நிற்கும்: 'ஊ மின்யா யெஸ்த் க்னீகா'. நான் மாணவி: 'யா ஸ்துத்யென்த்கா', நடுவில் வினை எதுவும் வேண்டாம். வந்தேன் என்ற ஒரு சொல்லிலேயே 'நான்' அடங்கியிருப்பதுபோல ஸ்பானிஷ் வினையும் தன் விகுதியில் ஆளைச் சொல்லும். 'நான்' போடாமல் பேசப் பழகுங்கள்.

ரஷ்யனில் வேற்றுமை ஆறு. முதல் கிழமையே அட்டவணையைப் பார்த்துப் பலர் துறை மாறப் பார்ப்பார்கள். நீங்கள் அட்டவணையைப் பாடமாக்க முன், ஒவ்வொரு வேற்றுமைக்கும் 'ஐ, ஆல், ஓடு, கு, இல்' என்று தமிழ் உருபைப் பக்கத்தில் எழுதுங்கள். கத்தியால் வெட்டினேன் என்பதும் தம்பியோடு போனேன் என்பதும் ரஷ்யனில் ஒரே வேற்றுமை. தம்பிக்கு மட்டும் முன்னால் ஒரு சின்னச் சொல் வரும். மூன்றாம் வேற்றுமைக்குள் 'ஆல்', 'ஓடு' இரண்டும் இருப்பதைப் படித்தவர்களுக்கு அது அதிசயமே இல்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில் இன்னொரு சொத்து இருக்கிறது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். போனவர்கள் விட்டுப்போன சொற்கள் இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கின்றன. போர்த்துக்கேய மொழி ஸ்பானிஷுக்கு அக்கா தங்கை முறை. குசினி 'கொசீனா', மேசை 'மேசா', பாண் 'பான்', சப்பாத்து 'சபாத்தோ', துவாய் 'தோஆயா', அலுமாரி 'அர்மாரியோ', கோப்பை 'கோப்பா'. அம்மம்மாவிடம் வீட்டுச் சாமான்களின் பெயரைக் கேட்டு எழுதினாலே ஒரு பக்கம் நிரம்பும். கவனம், கதிரை மட்டும் ஏமாற்றும்: ஸ்பானிஷில் 'கதேரா' என்றால் இடுப்பு. இருக்கிற கதிரைக்கு 'சிய்யா'.

இரண்டையும் ஒன்றாகப் படிக்கும்போது முதல் வருடத்தில் மொழிகள் கலக்கும். ஸ்பானிஷில் 'நோ' என்றால் இல்லை. ரஷ்யனில் 'நோ' என்றால் ஆனால். ரஷ்யனில் 'தா' என்றால் ஓம். ஸ்பானிஷில் 'தா' என்றால் எங்கள் தமிழில் உள்ளதேதான், தா, கொடு. நான் செய்தது: ரஷ்யன் காலமை, மேல் அறையில், சிவப்புப் பேனாவால். ஸ்பானிஷ் பின்னேரம், குசினியில், நீலத்தால். இடமும் நேரமும் பேனாவும் வேறாக இருந்தால் மூளை வேறாக வைத்துக்கொள்ளும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு இது தேவைப்படவில்லை.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்து மூன்று எழுத்து, இரண்டு கிழமை போதும். கையெழுத்து வடிவத்தையும் அப்போதே பழகுங்கள். அச்செழுத்தை மட்டும் படித்தவர்களால் ஆசிரியை கரும்பலகையில் எழுதுவதை வாசிக்க முடியாது. ஒவ்வொரு புதுச் சொல்லிலும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று குறி போடுங்கள். ஒரே எழுத்துக்கூட்டல்தான், 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு.

விழாதே, விழுந்திடாதே

ரஷ்யனில் எல்லாரும் அழுகிற இடம் வினைச்சொல். பெரும்பாலான வினைகள் இரட்டையாக வரும்: ஒன்று செயல் நடந்ததைச் சொல்லும், மற்றது செயல் முடிந்ததைச் சொல்லும். 'பிஸாலா', 'நபிஸாலா'. பாடநூல் இதற்கு இருபது பக்கம் எடுத்துக்கொள்ளும். கடிதம் எழுதினேன், கடிதம் எழுதிவிட்டேன் என்று நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் "எழுதிப்போட்டன்". அந்த 'விடு', அந்த 'போடு' எங்கே இயல்பாக வருமோ, அங்கே பெரும்பாலும் ரஷ்யனில் முற்று வினை, அதாவது முடிந்ததைச் சொல்லும் வடிவம், வரும்.

இது எனக்கு முழுதாக விளங்கியது, வெளிநாட்டு வருடத்தில் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில். 2023 பெப்ரவரி, நடைபாதை எல்லாம் கண்ணாடிபோல உறைபனி. நான் தங்கியிருந்த வீட்டு அம்மா ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று இரண்டு விஷயம் சொல்வார்: 'நி உபதீ', 'நி ஸபூத் க்ல்யூச்'. விழுந்திடாதே, திறப்பை மறந்திடாதே. வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதி, எதிர்மறைக் கட்டளையில் முற்றாத வினைதான் வரும் என்பது. இந்த அம்மா தினமும் முற்று வினையில் சொல்கிறார். அதே அம்மா என் அறை யன்னலைக் காட்டி 'நி அத்கிறிவாய்' என்பார், திறக்காதே. அது முற்றாத வினை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ படியிறங்கும்போது சட்டென்று பிடிபட்டது. தமிழிலும் நாங்கள் இரண்டு விதமாகத்தான் சொல்கிறோம். யன்னலைத் திறக்காதே என்பது தடை. நீ வேண்டுமென்று செய்வதை நான் மறிக்கிறேன். விழுந்திடாதே என்பது எச்சரிக்கை. நீ விரும்பாமலே நடந்துவிடக்கூடியதைச் சொல்கிறேன். பிள்ளை மதிலில் ஏறினால் எந்த அம்மாவும் "விழாதே" என்று சொல்லமாட்டார், "விழுந்திடாதை" என்றுதான் கத்துவார். ரஷ்யனும் அதே இடத்தில் அதே மாதிரிப் பிரிக்கிறது. அன்று பின்னேரம் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க மறந்திடாதே, பிந்திடாதே, உடைச்சிடாதே, தடிமன் பிடிச்சிடும் என்று எழுதி, வீட்டு அம்மாவிடம் ஒவ்வொன்றையும் ரஷ்யனில் கேட்டு எழுதினேன்.

ஆனால் இதை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஸ்பானிஷின் இரண்டு இறந்தகாலங்களும் ரஷ்யனின் இரட்டை வினையும் ஒன்று என்று நினைப்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் செய்கிற பெரிய பிழை. எட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். ஸ்பானிஷில் அந்த எட்டு வருடத்துக்கு வேலி போட்டாயிற்று என்பதால் முடிந்த காலம், 'பிவீ'. ரஷ்யனில் இருப்பது என்பது எதையும் முடித்துக் கொடுக்கிற செயலல்ல என்பதால் முற்றாத வினை, 'ஜிலா'. ஒரே வசனம், இரண்டு பக்கம் பிரிகிறது. இந்த வசனத்தைக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

ஸ்பானிஷில் பயமுறுத்துகிற விருப்ப வினைக்கும் தமிழில் ஒரு கைப்பிடி உண்டு. அவன் வரட்டும் என்பதில் உள்ள 'அட்டும்' வரும் இடமெல்லாம் அது வரும்: 'கே வெங்கா'. எல்லா இடத்தையும் இது மூடாது. தொடங்க இது போதும்.

இலக்கியத்தை எப்படி வாசிப்பது

முதல் வருடத்தில் நாவல் முழுவதையும் மூலத்தில் வாசிக்க முயல வேண்டாம். ஒரு பக்கத்தை மூலத்தில் ஒவ்வொரு சொல்லாக, மிச்சத்தை மொழிபெயர்ப்பில். கட்டுரை எழுதும்போது அந்த ஒரு பக்கம்தான் கை கொடுக்கும். கதையைச் சுருக்கிச் சொல்வதற்குப் புள்ளி கிடையாது.

எந்தப் பக்கம் என்று கேட்டால், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கக்கூடிய பக்கம். ரஷ்யனில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு: 'தி', 'வி'. ஸ்பானிஷிலும் உண்டு: 'தூ', 'உஸ்தெத்'. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். செகோவ் 1899இல் எழுதிய கதை ஒன்று, யால்டாக் கடற்கரையில் நாய்க்குட்டியோடு நடக்கும் பெண்ணைப் பற்றியது. விடுதி அறையில் இருவரும் முதல்முறை ஒன்றாக இருந்த பிறகு, இனி நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள் என்று அவள் அழுகிறாள். அவள் 'நீங்கள்' என்கிறாள். அவன் பதில் 'நீ' என்று வருகிறது. அந்தக் காட்சியில் அதற்குப் பிறகும் அவள் 'நீங்கள்'தான். ஆங்கிலத்தில் வாசித்த பிள்ளைகளுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. மூலத்தில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்கள் ஊரில் ஒரு ஆண் எப்போது நீங்களிலிருந்து நீக்கு இறங்குவான், ஒரு பெண் ஏன் இறங்கமாட்டாள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தில் முழுக் கதையும் இருக்கிறது. இரண்டாம் வருடக் கட்டுரையை இதை மட்டும் வைத்துத்தான் எழுதினேன்.

ஸ்பானிஷ் பக்கத்தில் லாசரில்யோ. 1554இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சான சின்னப் புத்தகம். பசியில் வளர்ந்த பொடியன், பெரிய இடத்து ஆள் ஒருவருக்குத் தன் கதையை எழுதிச் சொல்கிறான். அவரை 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்கிறான், தங்கள் கருணை என்பதுபோல. அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து இன்றைய 'உஸ்தெத்' ஆனது. யாருக்கு முன்னால் நின்று பேசுகிறான் என்பதை மறக்காமல் வாசித்தால், அவன் எதை மறைக்கிறான் என்று தெரியும்.

கவிதையை வாய்விட்டு வாசியுங்கள், மாதத்துக்கு ஒன்று பாடமாக்குங்கள். தேவாரம் பாடமாக்கிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளிநாட்டு வருடம்

நான் 2022 செப்டம்பரில் கிரனாடா போனேன். பிரெக்சிட்டுக்குப் பிறகு 90 நாளுக்கு மேல் ஸ்பெயினில் படிக்கப் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு மாணவர் விசா வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கையில் வந்த அன்றே தொடங்குங்கள். எனக்கு ஒரு கடிதத்தில் பெயர் பிழையாக வந்து, திருத்தி வாங்கவே ஒரு மாதம் போனது. தமிழ்ப் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று அலுவலகங்கள் குழம்பும். எல்லாப் பத்திரத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

கிரனாடா இருக்கிற அந்தலூசியாப் பகுதியில் சொல்லின் கடைசி 'ஸ்' காணாமல் போகும். 'மாஸ் ஓ மேனோஸ்' என்று படித்தது 'மா ஓ மேனோ' என்று காதில் விழும். முதல் மூன்று கிழமை ஒன்றும் விளங்கவில்லை. பாண் கடையில் தினமும் அதே நேரம் போய், வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள் கேட்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் காது திறந்தது. கூப்பிட்டால் நாங்கள் "வாறன்" என்போம். அவர்கள் 'வோய்' என்பார்கள், போகிறேன். வீட்டுத் தோழி கதவைத் தட்டும்போது இது தானாக வாயில் வந்த நாளில்தான் ஸ்பானிஷ் உள்ளே இறங்கிவிட்டது என்று தெரிந்தது.

பிஷ்கெக்கில் மாணவர் விடுதியைவிட ஒரு குடும்பத்தோடு தங்குங்கள். அங்கே இந்திய மருத்துவ மாணவர்கள் நிறையப் பேர். தமிழ் கேட்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள மனம் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டேன். கிர்கிஸ்தானில் ரஷ்யனும் ஆட்சி மொழி, நகரத்தில் எங்கும் பேசுவார்கள். ஆனால் ரஷ்யன் பேசும்போதே மூத்த பெண்ணை 'எஜே' என்றும் மூத்த ஆணை 'பைகே' என்றும் கூப்பிடுவார்கள்: அக்கா, அண்ணா. மர்ஷ்ரூத்கா என்கிற சிற்றூந்தில் சாரதியை 'பைகே' என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்தச் சொன்னால் பிழையான விகுதியையும் மன்னித்து நிறுத்துவார்.

அப்பாவிடம் யாழ்ப்பாணத்தில் வாங்கிய, சோவியத் காலத்தில் அச்சான தமிழ் 'ஜமீலா' ஒன்று இருந்தது. சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1958இல் வெளியிட்ட கதை, அவர் கிர்கிஸ்காரர். அதை ரஷ்யனில் வாசித்தபோது, கதை சொல்லும் பையன் ஜமீலாவை 'ஜெனெ' என்று கூப்பிடுவதைக் கண்டேன். அண்ணி. ரஷ்யனில் அந்த உறவின் வாசம் சரியாக வராது என்பதால் கிர்கிஸ் சொல்லையே விட்டிருக்கிறார்கள். அம்மா அப்பாவின் அலுமாரியில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசி வருடம்

மொழிபெயர்ப்பும் பேச்சுச் சோதனையும்தான் கடைசி வருடத்தின் பாரம். வெளிநாட்டிலிருந்து வந்ததும் ஒரு மொழி முன்னால் நிற்கும், மற்றது பின்னால் போயிருக்கும். எனக்கு ஸ்பானிஷ் பின்னால் போயிருந்தது. ஒக்டோபர் முழுக்க வானொலியில் ஸ்பானிஷ் செய்தி மட்டும் கேட்டுச் சமன் செய்தேன். என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்விக்கு: என்னோடு முடித்தவர்கள் மொழிபெயர்ப்பு, அரசுப் பணி, சட்டம், என்னைப்போல ஆசிரியத் தொழில் என்று போயிருக்கிறார்கள்.

என் இரண்டு பேச்சுச் சோதனையும் ஒரே நாளில் வந்தன. ஸ்பானிஷ் பத்து மணிக்கு, ரஷ்யன் இரண்டு மணிக்கு. உங்களுக்கும் அப்படி வந்தால் இடையில் ரஷ்யக் குறிப்புகளைத் திறக்காதீர்கள். ஸ்பானிஷ் வாயோடு அவற்றை வாசித்தால் இரண்டும் கலந்துவிடும். நான் வெளியே வாங்கில் போய் இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். என்ன சமையல் என்று கேட்டேன். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், சித்தி வந்து நிற்கிறா என்று அரைமணி நேரம் தமிழில் கதைத்தோம். வைக்கும்போது அம்மா, "பயந்திடாதை" என்றா. அந்தச் சொல்லுக்கு ரஷ்யனில் எந்த வினை வரும் என்று யோசித்தபடியே படியேறினேன்.